கம்ப்யூட்டருக்குப் போர்த்திய ஈரச் சாக்கு

“…அப்பா மட்டும் அன்னைக்கு அந்தச் சாக்க நனைச்சுப் போடாம இருந்திருந்தா, எனக்கு இந்த நரையெல்லாம் இன்னும் பத்து வருசம் கழிச்சுத்தாண்ணே வந்திருக்கும்” என்று சொல்லிவிட்டு விஜி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று கேட்பாளே என்ற பயத்தில் சிரித்தேன்.

திருச்சுழி தாலுகா ஆபீசுக்கு எதிர்வரிசையில் இருக்கிறது என் கடை. ஜெராக்ஸ், மனு டைப் அடிப்பது, ஆன்லைனில் பதிவது, வந்தவர்களோடு வம்பளப்பது. கடைசியில் சொன்னதுதான் முக்கியத் தொழில் என்று என் மனைவி சொல்வாள். விஜி அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறாள். புதிதாக லேப்டாப் வாங்கினால் அதில் லேடெக் போடுவதற்கு மட்டும் பஸ் ஏறி என் கடைக்கு வந்துவிடுவாள். போடுவது அவள்தான். எனக்கு அதில் ஒரு வேலையும் கிடையாது. “நீங்க பக்கத்துல உக்காந்திருங்கண்ணே, அது போதும். ஒங்க ராசி” என்பாள். என் ராசியைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது பாதிதான்.

லேடெக் என்றால் என்னவென்று கேட்பீர்கள். கணக்குப் புத்தகத்தில் பின்னமும் வர்க்கமூலமும் மேலே ஒரு சிற்றெண் கீழே ஒரு சிற்றெண்ணுமாக, கல்யாணப் பந்தியில் இலை போட்ட மாதிரி வரிசை தப்பாமல் உட்கார்ந்திருக்கும் அல்லவா, அப்படிப் பக்கத்தை அடுக்கித் தருகிற மென்பொருள். நாம் சாதாரண எழுத்தில் கட்டளைகளைத் தட்டி வைத்தால் போதும், எது எங்கே உட்கார வேண்டும் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். பதினைந்து வருடத்துக்கு முன்னால் விஜி அந்தப் பெயரை முதலில் சொன்னபோது, இங்கிலீஷில் லேடெக்ஸ் என்பார்களே, அந்த ரப்பர் பாலைப் பற்றி ஏதோ ஆராய்ச்சி செய்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. “லேடெக்கா? போட்டுருவோம்” என்று சொன்னேன்.

“போட்டுருவோம்” என்று நான் சொல்கிற போதெல்லாம், எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரிந்திருக்காது. அது யாருக்கும் தெரியாது. அப்போது நான் அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் டைப்செட்டிங் பார்த்துக்கொண்டிருந்தேன். எம்.ரெட்டியபட்டியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். எங்கள் வீட்டில் பருத்திச் செடியைத் தொட்ட கைகள் உண்டு, கீபோர்டைத் தொட்ட முதல் கை என்னுடையது. யாரிடமும் படித்ததில்லை. ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அப்படிக் கற்றவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பட்டனை அமுக்கினால் எல்லாம் அழிந்துபோகும் என்பது அவனுக்குத் தெரியாது. அதனால் எந்தப் பட்டனை அமுக்கினாலும் எல்லாம் அழிந்துபோகும் என்ற பயத்திலேயே இருப்பான்.

ஒரு தடவை அழிந்தும் இருக்கிறது. அழகான ஒரு தமிழ் எழுத்துருவுக்கு ஆசைப்பட்டு அச்சக மெஷினில் எதையோ போடப்போக, மறுநாள் அடிக்க வேண்டிய பத்திரிகைகளில் மாப்பிள்ளை பெயரெல்லாம் கட்டம் கட்டமாக மாறிவிட்டது. முதலாளி என்னைத் திட்டவில்லை. ஒரு ஸ்டூலை எடுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, “ம், சரி பண்ணு, பாத்துக்கிட்டே இருக்கேன்” என்றார். திட்டியிருக்கலாம். இன்றைக்கும் யாராவது பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டால் நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுவேன்.

விஜியின் வீட்டில் அன்றைக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டவர் அவள் அப்பா சென்னப்பன் அய்யா.

நெசவாளர் தெருவில் வீடு, அச்சகத்துப் பழக்கத்தில் நான் அடிக்கடி போய்வருகிற வீடு. உள்ளே பேசுவது கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். முன்கூடத்தில் இரண்டு விசைத்தறி, மூலையில் ஒரு மேஜை, மேஜையில் கம்ப்யூட்டர். தறி ஓடுகிற இடத்தில் பஞ்சு பறக்காமல் இருக்குமா? கம்ப்யூட்டரின் கேபினெட்டைத் திறந்தால் காற்றாடியைச் சுற்றிக் குருவிக் கூடு மாதிரி பஞ்சு அடைந்திருக்கும். மாதம் ஒரு தடவை அய்யாவே ஸ்குரூவைக் கழற்றி, பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு மூடிவிடுவார். தறி, மோட்டார், மிக்சி, ரேடியோ, பக்கத்து வீட்டுத் தையல் மெஷின், எதுவானாலும் அவர் கை பட்டால் ஓடும். “மெசினுக்கும் நமக்கும் ஒரே குணந்தான் தம்பி. எங்க வலிக்குதுன்னு தொட்டுப் பாத்தாச் சொல்லும்” என்பார். நான் அதைக் கேட்டுவிட்டு, அச்சகத்தில் போய் என் சொந்தச் சரக்கு மாதிரி நாலு பேரிடம் விட்டிருக்கிறேன்.

விஜி அப்போது முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தாள். ஆய்வேட்டைச் சாதாரண முறையில் டைப் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்ததற்கு, அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர், சமன்பாடெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது, லேடெக்கில் செய்து கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிட்டார். மூன்று மாதமாக அந்தக் கட்டளைகளைத் தட்டி, நூற்றைம்பது பக்கத்துக்குச் சேர்த்து வைத்திருந்தாள். அதைப் பக்கமாக்கிப் பார்க்க மென்பொருள் வேண்டும். மதுரையில் ஒரு தோழியிடம் டிவிடி வாங்கி வந்திருந்தாள். அந்த மாதத்தோடு அவளுடைய பதிவுக்காலம் முடிகிறது. ஏற்கெனவே ஒரு தடவை நீட்டிப்பு வாங்கியாயிற்று. இனிமேல் கிடையாது. கொடுக்காவிட்டால் ஐந்து வருடப் படிப்பும் வெறும் பேச்சாகப் போகும். அந்த நூற்றைம்பது பக்கமும் இருந்தது அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும். பென்டிரைவில் இருந்த இன்னொரு பிரதியை வைரஸ் தின்றுவிட்டது.

இது எனக்குப் பிறகுதான் தெரியும். முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டால், கேட்கிற அளவுக்குத்தான் இவனுக்குத் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்துவிடுவார்களோ என்று கேட்கவில்லை.

சித்திரை மாதம். டிவிடியைப் போட்டுவிட்டு அவளைக் கல்லூரிக்குக் கிளம்பச் சொன்னேன். “சாயங்காலம் வா, ரெடியா இருக்கும்” என்றேன். அவள் அம்மா சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். நானும் அய்யாவும்தான். தறி ஓடினால் வோல்டேஜ் இறங்கும் என்று நான் சொன்னதற்காக, அய்யா இரண்டு தறியையும் நிறுத்திப் போட்டார். அந்தத் தெருவில் ஒரு வீட்டுத் தறிச்சத்தம் நின்றால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். எதிர்வீட்டுக்காரர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன சென்னப்பா, தறி ரெண்டும் படுத்துருச்சு? ஒன் வீட்லயும் காதுகுத்தா?”

“ஆமா, எங்க கம்ப்யூட்டருக்கு. மொய்க் கவரோட வாரும்” என்றார் அய்யா.

திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து, அதற்குள் வரி வரியாக ஓட ஆரம்பித்தது. அந்த மென்பொருள் மொத்தம் இரண்டாயிரத்துச் சொச்சம் பொட்டலமாக இருந்தது, ஒவ்வொன்றாக இறங்க வேண்டும். எத்தனை முடிந்தது, இன்னும் எவ்வளவு நேரம் என்று வரிக்கு வரி காட்டும். முதலில் இரண்டு மணி நேரம் என்றது. அரை மணி கழித்துப் பார்த்தால் மூன்று என்றது. அப்புறம் நாலு. போகப் போகத் தூரம் கூடுகிற பயணத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். நடுவில் நின்றால் மறுபடியும் ஆதியிலிருந்து. யுபிஎஸ் பேட்டரி செத்துக் கிடந்தது. கரண்ட் எப்போது போகும் என்பது யாருக்கும் தெரியாது. மேலே ஓடுகிற மின்விசிறி கொஞ்சம் மெதுவாகச் சுற்றினாலும் நான் நிமிர்ந்து பார்த்தேன்.

சென்னப்பன் அய்யா ஸ்டூலில் உட்கார்ந்து, தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலைப் பார்க்கிற கண்ணோடு அந்த வரிகளைப் பார்த்தார். ஏதாவது ஒரு வரி கொஞ்சம் தாமதித்தால், “நின்னுருச்சா தம்பி?” என்பார். “இல்லய்யா, பெரிய பொட்டலம், மெதுவா இறங்குது” என்பேன். எனக்கும் தெரியாது. அது நகரும் வரைக்கும் இரண்டு பேரும் மூச்சு விட மாட்டோம். நகர்ந்ததும் சேர்ந்து விடுவோம்.

கேபினெட்டைத் தொட்டுப் பார்த்தார். “என்ன தம்பி, காய்ச்சக்காரன் நெத்தி மாதிரி கொதிக்குது?”

“அதான்யா பயமா இருக்கு. சூடு தாங்காம அதுவா ஆஃப் ஆயிரும்.”

சூட்டைப் பற்றி அந்தத் தெருவுக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சித்திரை வைகாசியில் வறட்டுக் காற்று அடித்தால் நூல் முறுகி, பத்து நிமிடத்துக்கு ஓர் இழை அறும். அதற்காகத் தரையில் தண்ணீர் தெளிப்பார்கள், சாக்கை நனைத்துப் பாவுக்குப் பக்கத்தில் தொங்கவிடுவார்கள். ஈரம் பட்டால் நூல் அடங்கும். எத்தனையோ தடவை அந்த வீட்டில் பார்த்திருக்கிறேன். நனைந்த சணலும் நூலுக்குப் போட்ட கஞ்சியும் கலந்து ஒரு வாடை வரும். அப்போதெல்லாம் அது எனக்குப் பிடித்த வாடை.

பாதி முடிந்திருந்தது. எனக்குப் பயத்தில் உட்கார முடியவில்லை. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். உண்மையில் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற தைரியம் தீர்ந்துபோய்விட்டது.

“சூடு கூடுனா நான் என்ன செய்யணும் தம்பி?” என்று கேட்டார்.

நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “ஒங்களுக்குத் தெரியாததாய்யா? காத்து காலத்துல நூலுக்கு என்ன வைத்தியம் பாப்பீகளோ, அதையே இதுக்கும் பாருங்க” என்றேன்.

இந்த ஒரு வரியைத்தான் பதினைந்து வருடமாக விழுங்கி வைத்திருக்கிறேன். சொன்னபோது எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. டீக்கடை வரைக்கும் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே போனேன். அங்கே ஒரு பழைய சிநேகிதன், ஒரு வடை, ஓர் ஊர்க்கதை. போனது பத்து நிமிடத்துக்கு, திரும்பியபோது முக்கால் மணி.

தெருமுனையிலேயே வாடை வந்தது. நனைந்த சணல் வாடை, அதோடு வேறு ஏதோ கருகிய வாடை. கால் அங்கேயே நின்றுவிட்டது.

உள்ளே இருட்டு. ஃபியூஸ் போயிருந்தது. கேபினெட்டின் மேல், பக்கவாட்டில் காற்று போகிற ஓட்டையெல்லாம் மூடி, மடித்த சாக்கு ஒன்று ஒழுங்காகப் போர்த்தியிருந்தது. அதன் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அய்யா கையில் ஒரு சொம்பு. இரண்டாவது தடவை நனைக்கும்போதுதான் ‘டப்’ என்றிருக்கிறது.

“மொத தடவ நனைச்சப்பச் சூடு அடங்குச்சு தம்பி. தொட்டுப் பாத்தேன், நல்லாத்தான் அடங்குச்சு” என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் அவரிடம் கேட்டதில்லை.

சாக்கை எடுத்து வீசினேன், ஒயரைப் பிடுங்கினேன். கேபினெட்டைத் திறந்தால் உள்ளே பஞ்சு ஊறித் திரிதிரியாகத் தொங்கியது. “விஜியோட பாடமெல்லாம் வேற எங்கயும் இருக்காய்யா?” என்று அப்போதுதான் கேட்டேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். நான் தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஒரு மணி நேரத்தை நான் பார்த்ததில்லை. தெருவில் யார் நடந்தாலும் அவளாக இருக்குமோ என்று இரண்டு பேரும் வாசலைப் பார்த்தோம். ஓடிப்போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். பஸ்ஸ்டாண்ட் பக்கத்தில்தான். அய்யா தரையில் கிடந்த தண்ணீரைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“நாந்தான் பண்ணேன்னு நானே சொல்லிருதேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் தம்பி.”

நான் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னாரா, அது ஒரு விளையாட்டுப் பேச்சு என்று புரிந்து தன் புத்தியையே நொந்துகொண்டு சொன்னாரா, எனக்குத் தெரியாது. அந்த நிமிடத்தில் எனக்கு வந்தது நன்றிகூட இல்லை, நிம்மதி. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

விஜி வந்தாள். வாசலில் பையைக்கூட இறக்கவில்லை. அய்யா சொன்னபடியே சொன்னார். அவள் அழுதிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்வதுண்டு. அவள் அழவில்லை. அப்பாவைப் பார்த்துக் கன்னடத்தில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். எனக்கு அது விளங்கவில்லை. அய்யாவின் கை இரண்டும் பின்னால் போய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டது மட்டும் தெரிந்தது.

ஹார்டுடிஸ்கைக் கழற்றித் துண்டில் சுற்றினேன். விருதுநகரில் ஒருவர், கெட்டுப்போன டிஸ்கில் இருப்பதை மீட்டெடுக்கிற வேலை பார்ப்பார் என்று தெரியும். நானும் அவளும் பஸ் ஏறினோம். பிள்ளைத்தாய்ச்சி வயிற்றைப் பிடிப்பது மாதிரி நான் அதை மடியில் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் உடம்பு தூக்கிப் போட்டது. பஸ் நிறையச் சந்தைக் கூட்டம், ஒரு கோழி வேறு. கண்டக்டர், “என்னண்ணே, சாமி செலையா?” என்று கேட்டார். “ஆமா” என்றேன்.

விருதுநகரில் அந்த ரிப்பேர்க்காரர் டிஸ்கைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார், துடைத்தார், வேறு ஒரு மெஷினில் மாட்டினார். சுவிட்சைப் போடுமுன், “சத்தம் வந்தா உசுரு இருக்குன்னு அர்த்தம். வரலன்னா என்னையக் குத்தம் சொல்லப்படாது” என்றார். விஜி என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் மெல்லிசாக ஒரு ரீங்காரம்.

எல்லாம் இருந்தது. நூற்றைம்பது பக்கமும் இருந்தது. கரிந்தது கம்ப்யூட்டரின் மற்ற பாகங்கள்தான்.

பிறகு அச்சக முதலாளியிடம் கெஞ்சி, அங்கிருந்த மெஷினில் லேடெக் போட்டேன். மூன்று நாள் கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில் உட்கார்ந்து விஜி தன் சமன்பாடுகளைப் பக்கமாக்கினாள். முதல் பக்கம் திரையில் வந்து நின்றபோது அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். முதலாளிகூட வந்து பார்த்துவிட்டு, “ஒண்ணுமே வெளங்கலம்மா, ஆனா லட்சணமா இருக்கு” என்றார். தேதிக்கு இரண்டு நாள் முன்னால் கொடுத்துவிட்டாள். முனைவர் ஆனாள். கதை அந்த வீட்டில் வேடிக்கைக் கதை ஆனது. நல்ல நாள் பெரிய நாளில், சொந்தக்காரர்கள் கூடினால், அப்பா கம்ப்யூட்டருக்கு ஈரச்சாக்குப் போட்ட கதையை யாராவது கேட்டு வாங்குவார்கள். நானும் அங்கே இருந்து சிரித்திருக்கிறேன். அய்யாவும் சிரிப்பார்.

அந்த அச்சகம் இப்போது இல்லை. அந்த டிவிடி, அந்த வரி வரியான பெட்டி, குருவிக்கூட்டுப் பஞ்சு, ஒன்றும் இல்லை. இதெல்லாம் போனதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. நிம்மதிதான். போனதிலேயே என்னைத் தூங்கவிடாதது சென்னப்பன் அய்யாவின் கை. அன்றைக்குப் பின்னால் போன கை, அப்புறம் எந்த மெஷினுக்கும் முன்னால் வரவில்லை. தறியை மட்டும் ஓட்டினார், அதிலும் ரிப்பேர் என்றால் ஆள் கூப்பிட்டார். மிக்சி நின்றால் கடைக்குக் கொடுத்தனுப்பினார். இன்றைக்கும் டிவியில் சேனல் மாற்ற வேண்டுமென்றால் பேத்தியைக் கூப்பிடுகிறார். விஜி ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்து, பச்சைப் பட்டனை மட்டும் அமுக்கப் பழக்கியிருக்கிறாள். அதையும் ஒரு விரலால், சுடுகிற பாத்திரத்தைத் தொடுகிற மாதிரிதான் தொடுகிறார்.

“போன வாரம் இந்த லேப்டாப்ப மேசையில வச்சிட்டுப் போனேன்ணே” என்று விஜி இன்னும் சிரித்துக்கொண்டே சொன்னாள். “மழைச் சாரல் அடிச்சிருக்கு. அப்பா தொட மாட்டேன்னு, அது மேல கொடையப் பிடிச்சுக்கிட்டு நான் வார வரைக்கும் நின்னிருக்காக.”

இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“விஜி, அந்தச் சாக்க நனைக்கச் சொன்னதே நாந்தாம்மா.”

“என்னண்ணே?”

செருப்பு மாட்டிக்கொண்டே சொன்ன அந்த வரியை அப்படியே சொன்னேன். டீக்கடையையும் சொன்னேன். அந்த வடையைக்கூட விடவில்லை. பதினைந்து வருடம் மூடிப் பழகிய வாய், சொல்லி முடிக்கும்போது அடிபட்டவன் மாதிரி குழறியது.

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. லேப்டாப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அவுக ஒரு நாளும் சொல்லலையே.”

“அதான்மா எனக்குப் பயம்.”

“நான் அன்னைக்கு அவுகள என்ன சொன்னேன்னு தெரியுமாண்ணே?”

“தெரியாது. கேக்கவும் பயம்.”

அவளும் சொல்லவில்லை. பிறகு பையிலிருந்து போனை எடுத்தாள், எண்ணை அமுக்கினாள். நாலைந்து மணி அடித்தது. எடுத்ததும், “அப்பா, அண்ணன் ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்” என்றாள். மறுமுனையில் அவர் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும்போதே போனை என் கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் மடக்கிவிட்டு, எழுந்து கடைக்கு வெளியே போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.